ஆரணியில் நான் தேய்க்காத கால்

ஆரணிக்கு நாங்கள் போனது பட்டுப் புடவை வாங்க. ஊர் திரும்பியதும் பினாங்கில் எல்லாரும் புடவையைப் பற்றித்தான் கேட்டார்கள். எனக்கோ அந்த ஊரில் கண்ணில் நின்றவை தோள்களும் கழுத்துகளும், ஒரே ஒரு காலும்தான். என் தொழில் அப்படி. பெண்களுக்கு மட்டுமான ஒரு மசாஜ் நிலையத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். மலாயில் இதை உருட் என்பார்கள். பக்கத்து வீட்டு ரொகாயா அக்காவிடம் கையைப் பழக்கிக்கொண்டு, பிறகு கோலாலம்பூரில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கினேன்.

என் கணவரின் அக்கா லெட்சுமி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பினாங்கில் இல்லாத புடவையா என்று கேட்டதற்கு, கடையில் தொங்குவதை யாரும் கட்டலாம், என் மகளுக்கென்று ஒரு தறி ஓடவேண்டும் என்றார். மணப்பெண் கேட்டது மாங்குஸ்தீன் பழத்தோலின் கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறம். ஆரணியில் அந்தப் பழத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. அதே நிறத்தில் ஒரு துண்டுத் துணியைத் தேடிப் பிடித்துத் தபாலில் அனுப்பினோம். பட்டு வியாபாரி தனபால் போனில் எல்லாவற்றுக்கும் சரிங்கம்மா, சரிங்கம்மா என்றார்.

விமானம் கிளம்பியதும் அண்ணி என் பக்கம் சாய்ந்தார். அங்கே யாராவது என்ன வேலை என்று கேட்டால் கிளினிக்கில் என்று மட்டும் சொல்லச் சொன்னார். மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அண்ணி கல்யாண வேலைக்கு நடுவே பார்க்க விரும்பவில்லை. எனக்கும் அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சரி என்றேன்.

சென்னையில் பேருந்து ஏறியதுமே என் வாக்குக்குச் சோதனை வந்தது. ஓட்டுநருக்குக் கழுத்து பிடித்திருந்தது. வலப்பக்கம் பார்க்கவேண்டுமானால் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தார், சும்மா இரு என்று.

ஆற்காடு தாண்டிச் சற்று தூரத்தில் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். ஓட்டுநர் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “ஒரே பேஜாரா கீதும்மா. நேத்து டெப்போல பெஞ்சி மேல தூங்கினது” என்று யாரிடமோ சொன்னார். நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஆண்களுக்கு நான் கை வைப்பதில்லை, ஆனால் வாய் இருக்கிறதே. சுடுதண்ணீரில் துண்டைப் பிழிந்து போடச் சொன்னேன். தாடையைத் தோள் பக்கம் மெதுவாகக் கொண்டுபோய், வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி மூச்சு விடச் சொன்னேன். டீக்கடைக்காரர் சுடுதண்ணீர் கொடுத்தார். டயர் மாட்டி முடித்த நேரத்தில் ஓட்டுநர் பாதி தூரம் தலையைத் திருப்பினார். நீங்க டாக்டரா என்று கேட்டார். கிளினிக்கில் வேலை என்று அண்ணி முந்திக்கொண்டு பதில் சொன்னார். மீதிப் பயணத்தில் எங்கள் கையில் ஓட்டுநர் வாங்கித் தந்த ஒரு பெட்டி மக்கன் பேடா இருந்தது. ஜீராவில் ஊறி, உள்ளே முந்திரியும் திராட்சையும் வைத்த இனிப்பு. அண்ணியின் கோபம் மூன்றாவது பேடாவில் தணிந்தது.

தனபால் எங்களை லாட்ஜில் தங்க விடவில்லை. வீட்டு மாடியில் ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தார். அவரிடமும் என் வேலை கிளினிக்கில் என்றே அண்ணி சொல்லியிருந்தார். கீழே கூடத்தில் கட்டில் போட்டு அவர் மனைவி பரிமளா படுத்திருந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். எழுந்து வேலை செய்யக் கூடாது என்று வீட்டார் அடக்கி வைத்திருந்தார்கள். ஆனால் வாயை யாரும் அடக்கவில்லை. படுத்துக்கொண்டே சமையல்கட்டை ஆள்வதும், தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியாரைத் திட்டுவதும், கடையிலிருந்து வரும் போனை எடுப்பதுமாக இருந்தார். என்னைவிடச் சின்னவர். பார்த்த உடனே அக்கா என்று கூப்பிட்டார்.

அன்று மதியம் பிரியாணி. பினாங்கில் நாங்கள் சாப்பிடும் நாசி கண்டாருக்கு ஏழெட்டுக் குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். இங்கே சீரகச் சம்பா சோறு, ஆட்டுக்கறி, பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய், வெங்காயத் தயிர், அவ்வளவுதான். வேறு எதையும் இலையில் சேர்க்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போடுங்க, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று பரிமளா கட்டிலிலிருந்தே பரிமாறினார்.

தனபாலும் பரிமளாவும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அண்ணி தெலுங்குத் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு எஸ்டேட்டில் வளர்ந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியாது, அண்ணியும் சொல்லவில்லை. மாடிக்கு வந்ததும் எனக்கு மொழிபெயர்த்தார்: “இந்தப் பெரியம்மா நல்லா சாப்பிடுது, ராத்திரிக்குத் தோசைமாவு பத்தாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.” சொல்லிவிட்டு ராத்திரி ஒரு தோசை கூடவே சாப்பிட்டார்.

மறுநாள் எங்கள் புடவையைப் பார்க்கப் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டுக்குப் போனோம். ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் ஏறினோம் என்பதை நான் எண்ணவில்லை. என் மடியில் யாருடைய காய்கறிப் பையோ இருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். நெசவாளர் விஜயாவின் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை.

தறியில் புடவை பாதியில் நின்றிருந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அசல் மாங்குஸ்தீன், ஓரத்தில் பொன்னிறச் சரிகை. பிறகுதான் அது பாதிதான் என்பது அவர் மண்டையில் ஏறியது. நாங்கள் ஊர் திரும்ப ஒரு வாரம்தான் இருந்தது. விஜயாவின் கணவர் சேகர் தலையைச் சொறிந்தார். அவரும் நெய்வார், ஆனால் அவர் கையில் இன்னொரு தறி, இன்னொரு கல்யாணம். விஜயாவுக்கு வலது தோள் தூக்க வரவில்லை. தறிக்கயிற்றை இழுத்தால் உயிர் போகிறது என்றார்.

உட்கார்ந்து நெய்து காட்டச் சொன்னேன். கால்கள் தறிப் பள்ளத்துக்குள்ளே மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. வலது கை மேலே தொங்கும் கயிற்றை இழுக்க, குறுக்கு நூலைச் சுமந்த நாடாக்கட்டை தறி நூலுக்குள்ளே ஓடுகிறது. இடது கை பலகையை இழுத்து நூலை அடித்து நெருக்குகிறது. நாள் முழுக்க இதேதான். நாலைந்து முறை இழுத்ததுமே அவர் தோள் காதை நோக்கி ஏறியது. எனக்குக் கை பரபரத்தது. அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு பாதிப் புடவையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, “சரி, பாரு” என்றார்.

கதவைச் சாத்திவிட்டு விஜயாவைப் பாயில் உட்காரவைத்தேன். முதலில் கேள்விகள்தான். விழுந்தீர்களா, விரல் மரத்துப்போகிறதா, ராத்திரி வலி எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா. இல்லை, இல்லை என்றார். கையைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். மூட்டு நன்றாகத்தான் சுழன்றது. தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே சதை கயிறாய் முறுக்கியிருந்தது. நல்லெண்ணெயைச் சூடாக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். எண்ணெயில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, கை வழுக்கிப் போகத்தான் அது. சூட்டிலும் அழுத்தத்திலும் சதை தளரும், தளர்ந்த இடத்தில் ரத்தம் ஓடும், வலி பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வரும். கட்டைவிரலை வைத்து அழுத்தி, அவர் மூச்சு விடும்வரை காத்திருந்து, அடுத்த இடத்துக்குப் போனேன்.

பினாங்கில் என் அறையில் குளிர்சாதனம் ஓடும், மெல்லிய இசை இருக்கும், வாடிக்கையாளர்கள் பேசவே மாட்டார்கள். இங்கே நாலு பக்கமும் தறி தடதடக்கிறது, ஒரு கோழி உள்ளே வந்து பாயைக் கொத்துகிறது, விஜயா தன் தங்கச்சி கல்யாணக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறார். பாதிக் கதையில் குரல் நின்றது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. மறுநாளும் வலி இருந்தது, குறைவாக. ராத்திரி புரண்டு படுத்துத் தூங்கியதாகச் சொன்னார். உட்காரும் பலகை அவர் உயரத்துக்குத் தாழ்வாக இருந்ததால் அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டோம். கொஞ்சம் நெய்வது, எழுந்து கையைச் சுழற்றுவது, மறுபடி நெய்வது என்று பேசி வைத்துக்கொண்டோம். தினமும் போய்த் தேய்த்தேன். புடவை நகரத் தொடங்கியது.

கூடவே செய்தியும் நகர்ந்தது. மலேசியாவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து கைகளைச் சரி பண்ணிகினு இருக்கிறார் என்று. நான் டாக்டர் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் சரி டாக்டர் என்றார்கள். கழுத்து வலி, இடுப்பு வலி, பாவு நூலை உற்றுப் பார்த்து வந்த தலைவலி. சதையால் வந்த வலிக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன். சர்க்கரை குறையுமா என்று கேட்டவருக்கு, குறையாது, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றேன். வயிற்றுச் சதை கரையுமா என்று ஒருவர் கேட்டார். அதுவும் கரையாது. வீட்டுக்காரர் குடிப்பதை நிறுத்த ஏதாவது நரம்பு உண்டா என்று ஒரு பெண் கேட்டபோது சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள், கேட்டவரும்தான். கைம்மாறாக வேர்க்கடலையும் முருங்கைக்காயும் பூவும் வந்தன. நான் பயந்த அந்தச் சிரிப்பு மட்டும் யார் முகத்திலும் வரவில்லை. அண்ணி கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார்.

புடவை முடிய இன்னும் கொஞ்சமே இருந்த ஒரு காலையில், இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு முள்ளிப்பட்டுக்குக் கிளம்பினோம். பரிமளா கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் செய்கிறீர்களே, எனக்கும் இந்தக் காலைக் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள் என்றார். முந்தாநாளிலிருந்து இடது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதாம். படுத்தே கிடந்ததால் வாயு என்று அவரே முடிவு செய்திருந்தார். கிண்ணத்தில் எண்ணெய்கூடத் தயாராக இருந்தது.

உட்கார்ந்து புடவையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இடது கால் பருத்திருந்தது. தோல் பளபளவென்று இழுபட்டுச் சற்றே சிவந்திருந்தது. புறங்கையை லேசாக வைத்தேன். வலது காலைவிட நன்றாகச் சுட்டது. கையை எடுத்துவிட்டேன்.

கோலாலம்பூரில் எனக்குப் பாடம் எடுத்த சீன ஆசிரியை எப்படித் தேய்ப்பது என்பதற்கு முன்னால் எங்கே கை வைக்கக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து படுத்தே இருந்தவர்கள், ஒரே ஒரு கால் வீக்கம், சூடு, கெண்டைக்காலில் வலி. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் கட்டி பிடி விட்டுக் கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு காலை நான் நேரில் பார்த்ததில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

தேய்க்க மாட்டேன், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், காலை யாரும் அழுத்தக் கூடாது என்றேன். பரிமளாவின் முகம் சுருங்கியது.

“முள்ளிப்பட்டுல வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் தேய்ச்சி வுட்டீங்க. ஒரு வாரமா எங்கூட்டுல சாப்பிடறீங்க. எனக்கு மட்டும் மாட்டேன்றீங்களேக்கா” என்றார்.

அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நான் காரணம் சொன்னேன். ஆபரேஷன் பண்ண டாக்டரை அடுத்த வாரம் பார்க்கத்தானே போகிறோம், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்றார் தனபால். அண்ணிக்கும் சங்கடம். மெல்ல ஒரு தடவு தடவிவிடேன், இவ்வளவு நல்லவர்களை நோகடிக்காதே என்று என் காதில் சொன்னார். மாட்டேன் என்று தலையசைத்தேன்.

தனபால் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அண்ணியின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“நில்லுங்க தம்பி” என்று அண்ணி தெலுங்கில் கூப்பிட்டார்.

தனபால் வாசற்படியில் அப்படியே நின்றார். அண்ணி பேசிக்கொண்டே போனார், நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். பரிமளா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தனபால் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். பிறகு தம்முடைய அண்டை வீட்டுக்காரரிடம் கார் கேட்க அதே செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினார்.

அண்ணி சொன்னதைக் காரில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தனபால் சொன்னது இது: இந்தம்மாவுக்குத் தெரியாத வேலைபோல இருக்கிறது, அதனால்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று நழுவுகிறார், நான் போய்ப் பஜார் தெருவிலிருந்து எண்ணெய் தேய்க்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதற்கு அண்ணி சொன்ன பதில்: “இவள் கிளினிக்கில் வேலை பார்க்கவில்லை. மசாஜ்தான் இவள் தொழில், இதில்தான் என் தம்பி குடும்பத்துக்கு வீடு கட்டினாள். தேய்ப்பதற்கு இவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அவளே தேய்க்கக் கூடாது என்றால் உன் பெண்டாட்டி காலை யாரும் தொடக் கூடாது.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியெல்லாம் வேர்க்கடலைக் கொல்லையும் கரும்பும் கலங்கலாகப் போயின.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பரிமளாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுக்கும்வரை நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தது. வெறும் தசைப்பிடிப்பாக இருந்தால் அந்த வீட்டில் எப்படி முகம் காட்டுவது? தப்பாகவே இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். தனபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒரு இளம் பெண். கெண்டைக்கால் ரத்தக் குழாயில் கட்டி இருக்கிறது, சீக்கிரம் வந்தது நல்லது, ஊசி போட்டிருக்கிறோம், இனி பயமில்லை என்றார். காலை அழுத்தித் தேய்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் தனபால். டாக்டர் போனதும் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்தார். அண்ணி அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய் பொங்கல் வாங்கிக் கொடுத்தார்.

புடவையை நாங்கள் மறந்தே போயிருந்தோம். சொன்ன நாளில் முள்ளிப்பட்டுக்குப் போனபோது சேகர் அதைத் தறியிலிருந்து அறுத்தெடுத்துக் கொடுத்தார். தன் தறியை நிறுத்திவிட்டுக் கடைசிப் பகுதியை அவரே மனைவியோடு மாறி மாறி நெய்தாராம். விஜயா வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அண்ணி புடவையை விரித்துப் பார்த்தபோது தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். இது ஒரு பழத்தின் நிறமா என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பழம் இனிக்குமா, புளிக்குமா என்று இன்னொருத்தி கேட்டாள்.

சென்னைக்குச் சுற்றுவழியில் போய் வேலூரில் இறங்கினோம். பரிமளா வார்டில் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். வீக்கம் வடியத் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சி இல்லாததால் மாமியாரைத் திட்ட வழியில்லை என்று குறைப்பட்டார். அண்ணியிடம் தெலுங்கில் என்னவோ சொல்ல, இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தோசைமாவு விஷயமாக இருக்கும் என்று நினைக்கிறேன், என்னிடம் சொல்லவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கால்தான் தொடக்கூடாது. தலையக்கூடவா தொடக்கூடாது?”

நர்ஸிடம் போய்க் கேட்டேன். மெதுவாகச் செய்தால் தலையில் ஒன்றும் ஆகாது என்றார். கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டு அவர் கூந்தலை அவிழ்த்துவிட்டேன். நெற்றிப் பொட்டில் தொடங்கி, காதோரமாகப் பின்மண்டைவரை விரல் நுனியால் மெல்ல வட்டம் போட்டேன். எண்ணெய் இல்லை, இசை இல்லை. மருந்து வண்டி உருளும் சத்தம் மட்டும். பரிமளா ஏதோ பேச வாயெடுத்தார், பாதியில் விட்டுவிட்டார். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது.

கையை மெல்ல எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா இவ்வளவையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். தன் தலையணையை எடுத்து, கட்டிலின் என் பக்கத்து ஓரத்தில் போட்டு, தலையை அதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.